கல்லு வைடா!

எங்கள் வீட்டில் கார் கிளம்பினால் ஆளுக்கொரு வேலை உண்டு. அப்பா ஓட்டுவார். அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜெனகை மாரியம்மனை வேண்டிக் கொள்வாள். அக்கா, எதிரே வரும் மாட்டு வண்டிகளைப் பற்றி அப்பாவுக்கு முன்னறிவிப்பு கொடுப்பாள். எனக்கு? கல்லு வைக்கிற வேலை!

சிரிக்காதீர்கள் சார். பொறுப்பான வேலை அது. கார் எங்கே நின்றாலும் அப்பா ஹேண்ட் பிரேக்கை 'கர்ர்ர்ர்...' என்று வானம் வரைக்கும் இழுப்பார். அப்புறம், இழுத்ததைத் துளிகூட நம்பாமல் பின்பக்கம் திரும்பி, "கல்லு வைடா!" என்பார்.

அதிலும் ஒரு சிக்கல். எங்கள் காருக்கு இரண்டே கதவு. பின் சீட்டிலிருந்து நான் இறங்க வேண்டுமானால் முதலில் அம்மா இறங்க வேண்டும், சீட்டை முன்னால் மடக்க வேண்டும், நான் தவழ்ந்து வெளியே வர வேண்டும். அதுவரை அப்பா கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருப்பார். கல்யாண வீட்டு வாசலில் நாங்கள் வந்து இறங்கும் வைபவத்தைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடும்!

அந்தக் கல்லும் சாதாரணக் கல் அல்ல. எங்கள் அப்பத்தாவின் உடைந்த அம்மியில் ஒரு முக்கோணத் துண்டு. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் சுற்றிப் படுத்திருக்கும். ஸ்டெப்னியை மறந்துவிட்டு மதுரைக்குப் போயிருக்கிறோம். கல்லை மறந்ததே இல்லை.

கார் என்ன கார் என்று சொல்லவில்லையே... ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1967 மாடல். சோழவந்தானில் வெற்றிலைக் கமிஷன் கடை வைத்திருந்த அப்பா, 1986-ல் ஒரு நல்ல விலை கிடைத்த வருஷத்தில் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே வெத்தலை எனக்குக் காரு குடுத்துருச்சு. இவங்க இப்பத்தான் சர்ட்டிபிகேட் குடுக்கிறாங்க" என்றார்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வது ஒன்றுதான்: "இது ஸ்போர்ட்ஸ் காரு!"

ஸ்போர்ட்ஸ் கார், அம்மி இல்லாமல் நிற்காதா என்று அம்மா முணுமுணுப்பாள்.

ஆனால், அப்பா சொன்னதில் பாதி உண்மை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டு காருக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அதே மனிதர், அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி வரைந்ததுதான் 1962-ல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார்! ஆக, எங்கள் வண்டி ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறந்த அண்ணன். கல்யாணம் ஆகி, குடும்பஸ்தனாகி, கொஞ்சம் தொப்பை போட்ட அண்ணன்!

நம் ஊரில் இதை 1961-லிருந்து தயாரித்தது சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. வண்டலூர் பக்கம், பெருங்களத்தூரில் தொழிற்சாலை. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் கார் முகமே முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் போதும், வட்டமடித்துத் திரும்பிவிடும். எழுபதுகளில் இதற்கே கெஸல் என்று தம்பி பிறந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். ஓடவில்லை. 1988-ல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

கம்பெனியே நின்றுவிட்டது. எங்கள் கார் மட்டும் நிற்க மாட்டேன் என்றது!

*

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் மதுரையில் இருக்கிறேன். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்தாயிற்று. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தகராறு. இருந்தாலும் இரண்டு பேருமாக ஹெரால்டில் ஏறி, வைகைப் பாலத்தைத் தாண்டி, தென்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆற்றை ஒட்டிச் சரிந்து இறங்கும் ஒரு சந்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார் அப்பா.

கியரில் போட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால், "கியர்ல நிறுத்துனா பொட்டி கெட்டுப் போகும்" என்பது அப்பாவின் ஐம்பது வருஷ சித்தாந்தம். ஹேண்ட் பிரேக்கை வானம் வரைக்கும் இழுத்தார். கல்லு வைக்க ஆள் இல்லை. குனிய இடுப்பு ஒத்துழைக்கவில்லை. கல்லைப் போட்டு, காலாலேயே சக்கரத்துக்கு அடியில் தள்ளியிருக்கிறார். முதல் நாள் மழையில் மண் சேறாக இருந்தது.

அம்மா காரில் உட்கார்ந்திருக்க, இவர் கதவைத் தட்டப் போயிருக்கிறார். கல் வழுக்கிவிட்டது.

கார் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. அம்மாவுக்கு எது பிரேக், எது கிளட்ச் என்று தெரியாது. அவ்வளவு நீளக் கதவைத் திறந்து குதிக்கிற முழங்காலும் இல்லை. இருபது அடி போயிருக்கும். யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் பின்பக்கம் புதைந்து நின்றது. அரை நிமிஷத்துக்கு முன்னால்தான் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள்.

ராத்திரி அம்மா போனில் சொன்னாள்:

"காரு போனதுக்குக்கூட நான் பயப்படலப்பா. இவரு 'நில்லு... நில்லு...'ன்னு காரு பின்னாடியே ஓடி வாராரு. எழுவத்தாறு வயசுல! விழுந்து கிழுந்து தொலைச்சா யாரு தூக்குறது? அதைப் பார்த்துத்தான் எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு."

"அப்பா எங்கே?"

"திண்ணையில இருக்காரு. சாப்பிடலை. பேசலை."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சோழவந்தான் போனேன். அதற்குள் கோயமுத்தூரிலிருந்து அக்கா போனில் தீர்ப்பு வழங்கிவிட்டாள்: "வித்துத் தொலைங்க!" வாங்குவதற்கும் ஆள் தயாராக இருந்தது. பழைய கார் சேகரிக்கிறவர் ஒருவர், பொங்கலிலிருந்தே அலைந்துகொண்டிருந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. என் கையில் சாவியை வைத்தார். முப்பது வருஷமாக நான் கேட்டுக் கிடைக்காத சாவி!

"சரி பண்ண முடியுமான்னு பாரு. முடியலேன்னா அந்த ஆளை வரச் சொல்லிரு."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

*

அடியேன் பி.காம். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, பேலன்ஸ் ஷீட்தான் தெரியும். மதுரையில் அந்தக் காலத்து ஹெரால்டு வண்டிகளோடு பழகிய ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். பாய்க்கு எழுபது வயது. "என்னால குனிய முடியாது தம்பி. நான் ஸ்டூல் போட்டு உக்காந்து சொல்றேன். நீங்க கீழ படுத்துச் செய்யுங்க" என்ற ஒப்பந்தத்தோடு வந்தார்.

வந்தவுடன் கேட்டார்: "இத்தன வருஷமா ஹேண்ட் பிரேக் பிடிக்கலேன்னா என்னா செஞ்சீக?"

"கேபிளை டைட் பண்ணுவேன்" என்றார் அப்பா.

"அப்புறம்?"

"மறுபடி லூசாகும். மறுபடி டைட் பண்ணுவேன்."

பாய் என்னைப் பார்த்தார். "தம்பி கணக்குப் படிச்சவருதானே? கணக்கு டேலி ஆகலேன்னா என்னா செய்வீக?"

"தப்பு எங்கே என்று தேடுவோம் பாய். கிடைக்கவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு அப்போதைக்குத் தப்பித்துக் கொள்வோம்."

"அதேதான்! உங்கப்பா முப்பது வருஷமா சஸ்பென்ஸ்லயே போட்டிருக்காரு!"

அப்பாவுக்குக் கோபம். ஆனால், முதல் நாள் சம்பவம் அவர் வாயைக் கட்டியிருந்தது.

பாய் சொன்ன பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கால் பிரேக் வேறு, கை பிரேக் வேறு. கால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயில் ஓடிப்போய் நாலு சக்கரத்தையும் பிடிக்கும். கை பிரேக்குக்கு ஆயிலே கிடையாது. வெறும் கம்பி இழுப்பு. அதுவும் பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும். லீவரை இழுத்தால் கேபிள் இழுபடும். நடுவில் ஒரு சமநிலைத் துண்டு அந்த இழுப்பை இடது, வலது இரண்டுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கும். கேபிளின் நுனி, டிரம்முக்குப் பின்னால் இருக்கும் குட்டி லீவரை இழுக்கும். உள்ளே இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும்.

"பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்!" என்றேன்.

"ஆமா. எந்தப் பார்ட்னர் ஏமாத்துறான்னு பாக்கணும். கேபிள் வெறும் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளையை முறுக்கி என்னா புண்ணியம்?"

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடை வைத்தோம். (அம்மிக் கல்லுக்கு அங்கேயும் ஒரு உத்தியோகம்!) ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தினோம். செங்கல்லை அடுக்கலாமே என்று கேட்டேன். "செங்கல்லு நொறுங்கும். உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார் பாய்.

தூக்கியதும் பின் சக்கரங்கள் இரண்டும், பூப்போட்ட பாவாடையில் நிற்கிற குழந்தையின் கால் மாதிரி உள்பக்கமாக மடங்கித் தொங்கின. எதையோ உடைத்துவிட்டேன் என்று பதறினேன். "பதறாதீக. ஹெரால்டோட பின் அச்சு அப்படித்தான். ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடும். கீழ எறக்குனா நிமிந்துக்கும்."

முதல் வேலை: டிரம்முக்குப் பின்னால் சதுரத் தலையோடு ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. அதைச் சக்கரம் சுற்றாமல் இறுகும்வரை திருகி, அப்புறம் தாராளமாகச் சுற்றும் அளவுக்கு ஒன்றிரண்டு பல் தளர்த்த வேண்டும். ஷூ தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும். அந்த இடைவெளியை இங்கேதான் சரி செய்ய வேண்டும். அப்பா அதை கேபிளில் சரி செய்துகொண்டிருந்தார். வருமானம் குறைந்தால் கடன் வாங்கிச் சமாளிக்கிற மாதிரி!

இரண்டாவது வேலை: அப்பாவை லீவரை இழுக்கச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்துப் பார்த்தேன். இடது பக்கம் குட்டி லீவர் நகர்ந்தது. வலது பக்கம்... ம்ஹூம், பெயருக்கு அசைந்தது.

இரண்டு டிரம்மையும் கழற்றினோம். ஊதித் துடைக்க வாயைக் குவித்தேன். பாய் ஸ்டூலிலிருந்தே ஒரு அதட்டு! பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வருஷங்கள் கழித்துப் பழிவாங்கும். முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தேன்.

வலது சக்கரத்தின் ரகசியம் வெளியே வந்தது. உள்ளே சிலிண்டர் என்று ஒரு சின்ன உருப்படி. அது பின்தகட்டில் ஒரு துவாரத்தில் பொருத்தப்பட்டு, முன்னும் பின்னும் வழுக்கி நகர வேண்டும். லீவரை இழுத்தால், அது ஒரு ஷூவைத் தள்ளும். தள்ளிய வேகத்தில் சிலிண்டரே எதிர்ப்பக்கம் நகர்ந்து அடுத்த ஷூவையும் தள்ளும்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. டபுள் என்ட்ரி சார்! ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு! எங்கள் வண்டியில் சிலிண்டர் துருப்பிடித்துத் தகட்டோடு ஒட்டிப் போயிருந்தது. பற்று மட்டும் இருந்தது, வரவு இல்லை. கணக்கு எப்படி டேலி ஆகும்?

இடது சக்கரத்தில் வேறு கதை. அங்கே எல்லாம் நன்றாக நகர்ந்தது. ஆனால், உள்பக்கத்து ஆயில் சீல் நைந்து போய், லைனிங் பூராவும் எண்ணெய் குடித்து அப்பளம் மாதிரி இருந்தது. எண்ணெய் பட்ட ஷூ எதைப் பிடிக்கும்? "பெட்ரோல்ல கழுவிப் போட்டுரலாமா?" என்றார் அப்பா. "கழுவலாம். ரெண்டு நாள் பிடிக்கும். அப்புறம் மறுபடி அம்மிக்கல்லுதான்" என்றார் பாய்.

ஆக, ஒரு பார்ட்னருக்குத் துரு. இன்னொரு பார்ட்னர் எண்ணெயில் வழுக்குகிறவர். இடையில் ஒன்றுமறியாத கேபிளை நாங்கள் முப்பது வருஷமாக முறுக்கிக்கொண்டிருந்தோம்.

*

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. சிலிண்டர் தகட்டில் விரலால் தள்ளினாலே வழுக்க வேண்டும் என்பது பாயின் உத்தரவு. தள்ளிக் காட்டினேன். "இன்னும்" என்றார். மறுபடி தேய்த்தேன். "இன்னும்." என் பள்ளிக்கூட வாத்தியார்கூட இவ்வளவு முறை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததில்லை.

ஷூக்களுக்குப் புது லைனிங் போட்டு ரிவிட் அடித்து வாங்கினோம். ஒரு பக்கத்துக்கு மட்டும் போடக்கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் அதிகமாகப் பிடித்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆயில் சீலும், தூசி போகாமல் மூடும் ரப்பர் உறையும் கிடைப்பதுதான் பெரும்பாடு. இங்கிலாந்தில் இந்த வண்டிகளுக்கு இன்னும் புதுசாகவே உதிரி பாகங்கள் செய்து விற்கிறார்கள். நமக்குக் கை கொடுத்தது சென்னை புதுப்பேட்டை. பதினோரு கடை ஏறி இறங்கி, பன்னிரண்டாவது கடையில் அளவு பொருந்துகிற சரக்கு கிடைத்தது.

"ஏங்க, எங்க வீட்டு மிக்ஸி ஆறு மாசமா ஓடலையே, அதுக்கு இப்படி அலைஞ்சீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. அதற்குப் பதில் இந்தக் கட்டுரையில் இல்லை!

எல்லாம் மாட்டி, அட்ஜஸ்டரைச் சரி செய்து, கடைசியாக, கடைசியாகத்தான், கேபிள். முப்பது வருஷமாக முறுக்கியிருந்ததைத் தளர்த்தினோம். லீவரை இழுத்தேன். டிக்... டிக்... டிக்... டிக்... ஐந்தாவது டிக்குக்கு மேல் வர மறுத்தது. பின் சக்கரங்களை இரண்டு கையாலும் திருகிப் பார்த்தேன். மலை!

அப்பா பக்கத்தில் வந்து, லீவரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வானத்துக்குப் போய்ப் பழகிய கை, பாதி வழியில் நின்றதும் திகைத்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பாய்க்கு அவரே காபி எடுத்து வந்தார்.

*

வீட்டு முற்றத்துச் சமதரையில் சோதித்தோம். ஊருக்குள் இரண்டு நாள் மெதுவாக ஓட்டி, புது லைனிங் டிரம்மோடு பழக விட்டோம். மூன்றாம் நாள் காலை, அதே தென்கரைச் சந்து.

மணல் குவியல் இப்போது இல்லை. கீழே ஆள் நடமாட்டம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். டிரைவர் சீட்டில் நான் உட்காருகிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை.

"அன்னிக்கு உங்க ஆத்தாள உக்கார வச்சிட்டுப் போனேன்ல... இன்னிக்கு நான் உக்காருறேன்."

கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஐந்து டிக். மெல்லக் காலை எடுத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கல்லை எடுடா."

என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை அதுவரை கேட்டதில்லை. குனிந்து எடுத்தேன். கார் ஒரு அங்குலம் அசைந்தது. எனக்கு மூச்சு நின்றது. ஸ்பிரிங் அமுங்கிய அசைவுதான். அப்புறம்... நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கியரையும் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து, பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து, அங்கே உட்கார்ந்தார்.

"பிரேக்கு சரியாயிருச்சு. எனக்கு லைனிங் தேஞ்சு போச்சுடா. இனிமே நீ ஓட்டு."

பாய் இருந்திருந்தால் ஏதாவது ஜோக் அடித்திருப்பார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

கார் சேகரிக்கிறவருக்கு 'விற்பதாக இல்லை' என்று போன் செய்தாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டுகிறேன். அம்மாவும் என் ஏழு வயது மகளும் பின் சீட்டில். அம்மிக் கல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாய் தடுத்துவிட்டார். சரிவில் நிறுத்தினால் பிரேக்கும் போடணும், கியரும் போடணும், கல்லும் வைக்கணுமாம். ஒன்றுக்கு மூன்று சாட்சி!

போன வாரம் அந்த வைகைக் கரையில் வண்டியை நிறுத்தினேன். ஐந்து டிக். கியர். எஞ்சினை அணைத்தேன். அப்பா பக்கத்து சீட்டிலிருந்து மெல்ல இறங்கி, சீட்டை மடக்கிவிட்டு, பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"பாப்பா... கல்லு வைம்மா!"